நடப்பவர்க்குப் பரிசு

நடந்தால் உடலுக்கு நலம் என்பதை அறியாதார் இலர். அறிந்தும் நடவாதாரே பலர். இத்தகையோரை எழுப்பி நடத்தக் கனடா அரசினர் கையாண்ட வழியொன்று நாம் சிந்தித்தற்குரியது.

2016 ஆம் ஆண்டில், மத்திய அரசினதும் மாகாண அரசினதும் பொருளுதவியுடன், பிரிட்டிஷ் கொலம்பியாவிலே 'கரட் ரிவோர்ட்ஸ்' என்னும் கைத்தொலைபேசிச் செயலி தொடங்கப்பெற்றது. பின்னர் அது வேறு மாகாணங்களுக்கும் பரவிற்று. ஒருவர் வழக்கமாக நடக்கும் அடிகளை அது முதலில் எண்ணும். பின்னர் அதற்குச் சற்று மேலாக ஓர் இலக்கை வகுக்கும். இலக்கை எய்தியவர்க்குப் புள்ளிகள் கிடைக்கும். அவற்றைச் சேர்த்துப் படக்காட்சிச் சீட்டோ பெற்றோலோ பெறலாம். ஒரு நாட் பரிசின் பெறுமதி சில சதங்களே.

விளைவு யாது? 2018 இல் வெளிவந்த ஆய்வொன்றின்படி, 12 வாரங்களின் பின் சராசரி உயர்வு நாளொன்றுக்குச் சுமார் 116 அடிகள் மாத்திரமே. ஆயினும், முன்னர் மிகக் குறைவாக நடந்தோரிடத்தில் உயர்வு ஆயிரம் அடிகளைக் கடந்தது. நோய் எளிதில் நெருங்குவதும் இவர்களையன்றோ? சிறு பரிசு உரியவரையே சென்றடைந்தது.

ஆனால், பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோரைச் சேர்த்த அம்முயற்சி, பணமின்றி 2019 யூன் மாதத்தில் நின்றுபோயிற்று.

குழந்தைக்கு நடை பழக்குவோர், அது தானே நடக்கும் வரை கையை விடுவதில்லை. பொதுப் பணத்தை இத்துறையிற் செலவிடும் அரசினர், எத்தனை ஆண்டு உதவுவோம், உதவி நின்றபின் பழக்கம் நிலைக்க வழி யாது என்பவற்றை முன்னரே வகுத்தல் வேண்டும். முதலடிக்கே பரிசு, எஞ்சிய அடிகளைப் பழக்கமே நடத்தல் வேண்டும்.