ஒரே மாதிரி நான்கு பென்சில்கள்

ஆட்டிசம் உள்ள என் மாணவனின் பையில் ஒரே வகைப் பென்சில்கள் நான்கு இருந்தன. ‘ஒன்று போதும்’ என்று மூன்றை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் அந்த ஒன்றும் தொலைந்தது. வேறு பென்சில் கொடுத்தும் எழுதாமல் அழுதான். பிடிவாதம் என்றே நினைத்தேன்.

1943-இல் ஆட்டிசத்தை விவரித்த மருத்துவர் லியோ கானர், எதுவும் மாறாதிருக்க விரும்புவதை அதன் முக்கியக் கூறாகக் குறிப்பிட்டார். தொடுதல், ஒலி, மணம் ஆகியவற்றை மிகையாக உணர்வோரும் உண்டு. அவர்களுக்குப் பழகிய பொருளே நிம்மதி. அது தேயலாம், கடையில் கிடைக்காமலும் போகலாம். ஆகவே சிலர் பிடித்ததைப் பலவாக வாங்கி வைக்கிறார்கள்.

இப்போது என் மேசையில் அவனுக்காக அதே பென்சில்கள் இரண்டு உள்ளன. புதியதைப் பழக்க வேண்டுமெனில், பழையதைப் பறிக்காமல் அதனுடன் சேர்த்தே கொடுப்போம்.