எதிர்க்கட்சித் தலைவர்: எந்த மன்றத்தில்?

'எதிர்க்கட்சின்னா எப்பவும் எதிர்ப்பவங்க' என்று மாணவர்கள் எழுதிவிடுகிறார்கள். அது பாதி விடைதான். அரசாங்கத்தில் சேராத உறுப்பினர்களின் தலைவரே எதிர்க்கட்சித் தலைவர். கேள்வி கேட்டு அரசைப் பதில் சொல்ல வைப்பது அவர் பணி.

நம்ம ஊரையே பாருங்கள். 2008-இல் ஈஜோக்கில் வென்ற காலிட் இப்ராஹிம் மந்திரி பெசாரானார். முன்னாள் மந்திரி பெசார் கீர் தோயோ சட்டமன்ற எதிர்க்கட்சித் தலைவரானார். ஆனால், கோல சிலாங்கூரில் வென்ற சுல்கிப்ளி அமாட் மக்களவையில் எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்தார். அங்கே எதிர்க்கட்சித் தலைவர் வான் அசிசா. ஆகஸ்டுக்குப் பின் அன்வார்.

ஒரே தோட்டம், ஒரே நாள் ஓட்டு. ஷா ஆலாமில் ஆளுங்கட்சி, கோலாலம்பூரில் எதிர்க்கட்சி!

தோட்ட நிலம் மாநில அதிகாரம். தமிழ்ப்பள்ளி கூட்டரசின் பொறுப்பு. அதனால் எந்த மன்றம், எந்த ஆண்டு என்று முதலில் எழுதுங்க. 'எதிர்க்கட்சி'யில் 'க்' விட்டுடாதீங்க!