சுவரில் விட்ட துளை

தீத்தடுப்புச் சுவர் என்று பொறியாளர் குறிப்பிடுவது, ஓரறையில் மூண்ட நெருப்பை அடுத்த அறைக்குச் செல்லவிடாமல் குறித்த நேரம் வரையில் நிறுத்திவைக்கும் சுவரையே ஆகும். இரண்டு மணி நேரச் சுவர் எனின், அதற்குள் உள்ளிருப்போர் வெளியேறிவிடலாம். தீயணைப்போரும் வந்து சேரலாம். ஆனால் கொத்தனார் செவ்வையாகக் கட்டிய சுவரை மறுவாரமே மின்பணியாளர் உடைக்கிறார். அவருக்குப் பின் குழாய்க்காரர். அவருக்கும் பின் தொலைபேசிக்காரர். வடம் இரண்டு அங்குலம், துளையோ ஆறு அங்குலம்! எஞ்சிய இடைவெளியை அடைக்கும் கூலி எவர் கணக்கிலும் ஏறுவதில்லை.

பாராடாங்கில் வாழும் நம்மவர்க்கு இஃது அயலார் செய்தியன்று. அந்தமான் தீவுகளில் மின்சாரம் பெரும்பாலும் டீசல் எந்திரங்களால் கிடைக்கிறது. எண்ணெயும் வெப்பமும் ஒருங்கிருக்கும் எந்திர அறையிலிருந்து தடித்த வடங்கள் சுவரைத் துளைத்தே வெளியேறுகின்றன. தலைநகரோ ஏறத்தாழ நூறு கிலோமீட்டர்த் தொலைவில் உள்ளது. ஜிர்காட்டாங்கிலிருந்து ஜாரவா காப்புக்காட்டினூடே குறித்த வேளைகளில்தான் வண்டிகள் அணியணியாக விடப்படுகின்றன. அவசர ஊர்திக்கு உடனே வழிவிட்டாலும், தொலைவு குறைந்துவிடாது. ஆகவே உதவி வரும்வரை நம்மைக் காப்பது அச்சுவரே.

துளையின் கொடுமையை உலகிற்கு உணர்த்திய ஆண்டு 1975. அவ்வாண்டு பிப்ரவரியில் நியூயார்க் உலக வணிக மையத்தின் பதினோராம் தளத்தில் பற்றிய தீ, தொலைபேசி வடங்கள் செல்லும் செங்குத்துப் புழையின் வழியே மற்றத் தளங்களுக்கும் பரவியது. மார்ச்சு 22-ஆம் நாள் அலபாமாவிலுள்ள பிரௌன்ஸ் ஃபெரி அணுமின் நிலையத்தில், வடத்துளைகளை அடைத்த பின் காற்றுக் கசிகிறதா என்று பார்க்கப் பணியாளர் பிடித்தது மெழுகுவத்தியை! கசிந்த காற்று சுடரை உள்ளிழுத்தது. அடைப்பாக வைத்திருந்த நுரைப்பொருளே தீப்பற்றி, 1,600-க்கும் மேற்பட்ட வடங்கள் சேதமுற்றன. அடைத்தால் மட்டும் போதாது, எதனால் அடைக்கிறோம் என்பதே கேள்வி என அன்று தெரிந்தது. நம் நாட்டில் 1993 மார்ச்சு 31 அன்று நரோரா அணுமின் நிலையத்தில் மூண்ட தீயில், முதன்மை வடங்களும் மாற்று வடங்களும் ஒன்றாகச் சென்றமையால் ஒருசேர அழிந்தன. நிலையம் பதினேழு மணி நேரம் மின்சாரமின்றி இருந்தது.

பொருளுக்கு வருவோம். பழைய சாக்கு, செய்தித்தாள், கடையில் விற்கும் சாதாரண நுரை ஆகியவை அடைப்பல்ல, விறகு. சிமெண்டுக் கலவை எரியாது. ஆயினும் கட்டடம் அதிரும்போது வெடித்துவிடும். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தின்போது பாராடாங்கின் சேற்று எரிமலையே பொங்கியதை நம்மவருள் பலர் அறிவர். இம்மண்ணில் சற்றே நெகிழும் அடைப்பே தகும். பாறையை உருக்கி இழையாக்கிய ராக்வூல் பஞ்சைத் திணித்து, அதன்மேல் சூடுபட்டால் சுட்ட அப்பளம்போல் பொங்கும் பூச்சைப் பூசுவது வழக்கம். வடத்தின் உறை எரிந்து சுருங்கினாலும் பூச்சுப் பருத்து இடைவெளியை மூடும். பிளாஸ்டிக் குழாய்க்கு இதுவும் போதாது. அது முற்றும் உருகிவிடுமாதலால், பொங்கும் பொருள் வைத்த இரும்புப் பட்டையைச் சுற்றிப் பூட்டவேண்டும். இரும்புக் குழாய் உருகாது. ஆனால் வெப்பத்தை மறுபுறம் கடத்தும். அங்கே காப்புறை வேண்டும்.

2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, குழாய்க்கும் சுவருக்கும் இடையே நிரப்பும் பொருள் 120 நிமிடமேனும் தீயைத் தாங்கவேண்டுமென்கிறது. விதி நன்று, ஒப்பந்தக்காரர் அதைப் படித்தாரா என்பது வேறு.

சென்னையிலிருந்து கடலடியில் 2020-இல் அந்தமானுக்கு வந்த ஒளியிழை வடத்திற்குப் பின், இத்தீவுகளின் அலுவலகங்களில் புதுத்துளைகள் பெருகும் என்பதில் ஐயமில்லை. புதுவடம் இழுப்பவர் பழைய அடைப்பைப் பெயர்த்துவிட்டுப் போய்விடுவார். துளையருகே அடைத்த நாளையும் பொருளின் பெயரையும் எழுதிவைத்தால், அடுத்து வருபவரைக் கேள்வி கேட்கலாம். சோதிக்க மெழுகுவத்தி வேண்டா. இரவில் ஓரறையில் விளக்கேற்றி, மறுபுறத்து இருட்டறையிலிருந்து சுவரை நோக்குங்கள். ஒளி வரும் இடமெல்லாம் புகையும் வரும். மேற்கூரைப் பலகைகளைக் கழற்றி, அவற்றிற்கு மேலுள்ள சுவரையும் பாருங்கள். பெரும்பாலான துளைகள் அங்கேதான் மறைந்திருக்கும்.