ஜெர்மனி விட்டாலும் இந்தியா விடாது

மியூனிக்ல இருக்கிற நண்பர் போன வாரம் கூப்பிட்டார். "இனி ரெண்டு பாஸ்போர்ட்டும் வச்சுக்கலாம்ப்பா, இங்க சட்டம் மாத்திட்டாங்க." அவர் சொன்னது பாதி சரி.

2024 ஜூன் 27-ல் அமலுக்கு வந்த ஜெர்மன் திருத்தம், பழைய குடியுரிமையை விட வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டது. 8 வருட வசிப்பு 5 ஆனது. பி1 ஜெர்மன், தேர்வு, சொந்த வருமானம் எல்லாம் அப்படியே.

ஆனால் நம்ம 1955 குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவைப் பாருங்க. ஒரு இந்தியர் தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால், இந்தியக் குடியுரிமை தானாகவே போய்விடும். யாரும் ரத்து செய்து கடிதம் அனுப்ப மாட்டார்கள். இரண்டு நாடும் சம்மதிக்கணும். நம்ம புரோகிராமர் பாஷையில் இது 'ஆர்' இல்லை, 'அண்ட்'.

எந்த நொடியில் போகும்? ஜெர்மனியில் குடியுரிமைச் சான்றிதழைக் கையில் கொடுக்கும்போதுதான் நீங்கள் ஜெர்மானியர். அதன்பிறகு இந்தியப் பாஸ்போர்ட்டில் இன்னும் 6 வருடம் மிச்சமிருந்தாலும், அதைக் காட்டிப் பயணம் செய்வது குற்றம். ஒப்படைத்து சரண்டர் சான்றிதழ் வாங்கணும், பிறகு ஓசிஐ அட்டை. பெயரில் 'சிட்டிசன்' இருக்கு, ஆனா அது ஆயுட்கால விசாதான் (இந்தப் பெயர் வைத்தவர் மேல் எனக்கு ரொம்ப நாள் கோபம்). ஓட்டு கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது.

நண்பர் கொஞ்ச நேரம் பேசலை. தை மாசம் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். இந்தியப் பாஸ்போர்ட்ல டிக்கெட் போட்டாச்சு. சான்றிதழ் தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லி எழுதப் போறாராம்.