மாரியில் சைக்கிள் மிதிப்பவருக்கு எந்த றெயின்கோட்?

ஒக்டோபர் பிறந்துவிட்டால் கல்முனைக் கடைகளின் முகப்பில் றெயின்கோட்டுகள் தொங்கத் தொடங்கும். கறுப்பும் கடும்நீலமும்தான் அதிகம். பெரும்பாலானவை மோட்டார் சைக்கிள்காரருக்காகத் தைக்கப்பட்டவை. சைக்கிளில் போகிறவரும் வேறு வழியின்றி அதையே வாங்குகிறார். மோட்டார் சைக்கிளில் இருப்பவர் உடம்பை அசைக்காமல் போகிறார். சைக்கிள்காரருக்கோ உடம்புதான் எஞ்சின். இருவருக்கும் வேண்டிய மழை உடை ஒன்றாக இருக்க முடியாது.

மழையை எவ்வளவு இறுக்கமாகத் தடுக்கிறது என்று பார்த்துக் கோட்டு வாங்குவது நம் வழக்கம். இந்தக் கரையோரத்தில் முதலில் பார்க்க வேண்டியவை வேறு மூன்று: காற்று உள்ளே புகுந்து வெளியேற வழி இருக்கிறதா, அணிந்தவர் வீதியில் மற்றவர் கண்ணில் படுவாரா, துணி சில்லிலும் செயினிலும் சிக்காமல் நிற்குமா?

சமதரையும் கனமழையும்

பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊருக்கு ஊர் ஒட்டிக்கிடக்கும் கரை இது. ஏற்றமோ இறக்கமோ கிடையாது. பாடசாலைப் பிள்ளைகள், மத்ரஸா மாணவர், மருதமுனையின் தறிகளுக்குப் போகும் நெசவாளர், பெட்டி கட்டி மீன் விற்பவர், வட்டைக்குப் போகும் விவசாயி என்று பலருக்கும் சைக்கிள்தான் வாகனம். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்து கியூ.ஆர். அட்டைக்குப் பெற்றோல் பங்கிடப்பட்டபோது, மூலையில் சாத்திவைத்த சைக்கிள்களையும் பலர் துடைத்து எடுத்தார்கள்.

மட்டக்களப்பில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,700 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. இலண்டனில் பெய்வது 600 அளவுதான். அங்கே அது ஆண்டு முழுவதும் தூறலாகப் பரவிக் கிடக்கும். இங்கே பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்க்கும். ஆகவே குளிர்நாட்டுத் தூறலுக்கென்று செய்த உடையின் கணக்கை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

உள்ளிருந்தும் நனையலாம்

ஸ்கொட்லாந்தின் சார்ள்ஸ் மக்கின்டொஷ் 1823இல் இரண்டு துணிகளுக்கு நடுவே இறப்பரைப் பூசி, நீர் புகாத துணிக்குக் காப்புரிமை பெற்றார். மழை நின்றது, வியர்வையும் உள்ளேயே நின்றது. இன்று நம் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பி.வி.சி. கோட்டிலும் அதே குறைதான். வெக்கையில் மிதிக்கும் ஒருவருக்கு மணிக்கு அரை லீற்றரிலிருந்து ஒரு லீற்றர் வரை வியர்வை வெளியேறலாம். மூடிய பிளாஸ்டிக்குக்குள் அது போக இடமில்லை. கோட்டில் ஓட்டை ஒன்றுகூட இல்லாமலே சட்டை தொப்பலாக நனைவது இதனால்தான்.

இதற்குத் தீர்வாக வந்தது மூச்சுவிடும் துணி. அமெரிக்காவின் ரொபர்ட் கோர் 1969இல் கண்டுபிடித்த மெல்லிய படலம், 1976இலிருந்து கோர்டெக்ஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. மழைத்துளி புக முடியாத அளவு நுண்ணிய துளைகள் அதில் உண்டு. நீராவி மட்டும் வெளியேறும். ஆனால் அந்த ஆவியை வெளியே தள்ளுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள நீராவி அழுத்த வேறுபாடு. வெளியே 5 பாகைக் குளிரில் மழை பெய்தால் அந்த வேறுபாடு பெரிது. நமது மாரியின் 25 பாகை ஈரக்காற்றில் அது ஏறத்தாழப் பாதியாகிவிடும். பெரும் பணம் கொடுத்து வாங்கும் படலம் இங்கே பாதி வேலைதான் செய்யும். வெளித்துணி நனைந்து ஊறிவிட்டால் அதுவும் குறையும்.

வெளிநாட்டில் இருக்கும் மகனோ மச்சானோ அனுப்பிய விலையுயர்ந்த ஜாக்கெட் கையில் இருந்தால் தாராளமாக அணியலாம். அதற்கென்று கடன்பட வேண்டியதில்லை. முதுகில் மடிப்புக்குள் காற்றுவழி, கக்கத்தில் திறக்கும் ஸிப், தளர்வான கழுத்து ஆகியவை உள்ள சாதாரண பொலியெஸ்டர் கோட்டே இந்த வெக்கைக்குப் போதும். உட்புறம் பொலியூரித்தேன் பூசிய துணி பி.வி.சி.யை விட இலேசானது, மடித்தாலும் சிறிதாகும்.

போஞ்சோவும் வாடைக்காற்றும்

காற்றோட்டம் என்று பார்த்தால் போஞ்சோவை மிஞ்ச எதுவுமில்லை. தலைவழியே போட்டு, முன்பகுதியை ஹேண்டிலுக்கு மேலால் விரித்துவிட்டால் தொடையும் நனையாது, கீழிருந்து காற்றும் வரும். முன்விளிம்பின் உட்புறத்தில் பெருவிரல் மாட்ட இரண்டு வளையங்கள், இடுப்பில் கட்ட ஒரு நாடா, இவை இரண்டும் அவசியம். இல்லாவிட்டால் விளிம்பு பறந்து முகத்தில் அடிக்கும்.

ஆனால் காற்று பலமான நாளில் போஞ்சோ பாயாக விரிந்துவிடும். மாரியில் வாடை கடலிலிருந்து வீசுகிறது. நமது பிரதான வீதி கடலோரமாக வடக்குத் தெற்காக ஓடுகிறது. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுப் பக்கம் போகிறவருக்குக் கடல் இடது கைப் பக்கம். அந்தக் காற்று அவரை வலப்புறமாக, பஸ்ஸும் லொறியும் வரும் நடுவீதிக்குத் தள்ளும். மட்டக்களப்புப் பக்கம் போகிறவரை வீதியோர வடிகான் பக்கம் தள்ளும். ஆகவே ஊருக்குள் குறுகிய தூரத்துக்கும் காற்றில்லாத மழைக்கும் போஞ்சோ நல்லது. காற்றோடு வரும் மழைக்கும் நீண்ட தூரத்துக்கும் உடம்போடு ஒட்டிய கோட்டும் காற்சட்டையும்தான் சரி.

ஒரு கையில் குடை பிடித்து மறுகையால் ஓட்டுவதை அடியோடு விட்டுவிட வேண்டும். நனைந்த றிம்மில் பிறேக் பிடிக்கத் தாமதமாகும். அப்போது இரண்டு கையும் ஹேண்டிலில் இருக்க வேண்டும்.

கறுப்பு வேண்டாம்

நவம்பர், டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே பொழுது பட்டுவிடுகிறது. டியூஷன் முடிந்து பிள்ளைகள் வருவதும், மஃரிபுக்குப் பள்ளிவாசலை நோக்கிப் போவதும் அதே நேரம். மேகம் மூடி, முன்கண்ணாடியில் தண்ணீர் வழிய ஓட்டிவரும் லொறிச் சாரதிக்குக் கறுப்புக் கோட்டு அணிந்த சைக்கிள்காரர் தெரியவே மாட்டார். அழுக்குத் தெரியாது என்பதற்காகக் கறுப்பை வாங்குகிறோம். அந்தக் காரணத்துக்கு ஓர் உயிரை ஈடுவைக்க முடியாது.

பளிச்சென்ற மஞ்சளும் செம்மஞ்சளும் பகலில் தூரத்திலிருந்தே தெரியும். இருட்டில் நிறம் மட்டும் போதாது, வாகன விளக்கு பட்டதும் மின்னும் பட்டி வேண்டும். முதுகில் ஒன்று, கணுக்காலில் ஒன்று. மிதிக்கும்போது மேலும் கீழும் அசையும் கணுக்காற்பட்டி, சைக்கிள் வருகிறது என்று உடனே சொல்லிவிடும். பின்னால் சிவப்பு விளக்கையும் மறக்க வேண்டாம். நீண்ட கோட்டு அதை மறைக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அபாயா, சாரம், செயின்

அபாயா அணிந்து சைக்கிளில் போகும் பெண்களுக்கு மழை இரட்டைத் தொல்லை. ஈரத்துணி பாரமாகித் தொங்கும், சில்லோடு ஒட்டும். முழு செயின் கவரும், பின்சில்லின் இருபுறமும் துணி புகாத வலையும் எந்தக் கோட்டையும் விட முக்கியம். அபாயாவுக்கு மேலால் தொடைவரை வரும் தளர்வான கோட்டு போதும். கணுக்கால்வரை நீண்டது ஆபத்து. சாரம் உடுத்தவர் மடித்துக் கட்டிவிட்டு மேலே குட்டைக் கோட்டு அணியலாம்.

கோட்டின் தலைமூடியை ஹிஜாபுக்கு மேலோ தொப்பிக்கு மேலோ இழுத்துக் கட்டினால் பக்கத்துப் பார்வையும் பின்னால் வரும் வாகனச் சத்தமும் மறையும். முகப்பு விளிம்புள்ள தொப்பியை உள்ளே அணிந்து மூடியைச் சற்றுப் பின்னால் தள்ளிவிடுவது நல்லது. ஹெல்மட் அணிபவர் மூடியை ஹெல்மட்டுக்குள் போடலாம்.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

கோட்டை உட்புறம் திருப்பித் தையலைப் பாருங்கள். தையல் ஊசி போன ஒவ்வொரு துளையாலும் தண்ணீர் வரும். தையல் மேல் நாடா ஒட்டப்பட்டிருந்தால்தான் அது நிற்கும். ஸிப்புக்கு மேல் மூடுமடிப்பு உண்டா என்று பாருங்கள். பிறகு அணிந்துகொண்டு, ஹேண்டில் பிடிப்பதுபோல் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் குனியுங்கள். கை மணிக்கட்டுக்கு மேல் ஏறினாலோ முதுகின் கீழ்ப்பகுதி வெளியே தெரிந்தாலோ அது சைக்கிளுக்கு உதவாது. காற்சட்டையின் கால் நுனியை இறுக்கிக் கட்ட முடிய வேண்டும்.

சீட்டில் 10,000 மி.மீ. என்று எழுதியிருந்தால், அவ்வளவு உயரத் தண்ணீர் நிரலின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்று பொருள். அந்த எண் துணிக்குத்தான், தையலுக்கு அல்ல. எண் பெரிதாக இருந்து தையல் திறந்து கிடந்தால் பயனில்லை.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவிடுங்கள். ஈரமாகச் சுருட்டிக் கேரியரில் வைத்த கோட்டில் பூச்சு உரிந்து உதிரும். கொதிக்கும் வெயில் பி.வி.சி.யை வெடிக்கச் செய்யும். பிள்ளையின் புத்தகங்களைப் பையோடு பொலித்தீனில் சுற்றுவதைவிட, பைக்குள்ளேயே தடித்த பொலித்தீன் ஒன்றில் கட்டிவைப்பது பாதுகாப்பு.

எந்தக் கோட்டும் காக்காத இடம்

மின்னல் வெட்டும்போது வட்டை நடுவே சைக்கிள் ஓட்டக்கூடாது. இறங்கி, உறுதியான கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். வெள்ளம் பாயும் தாம்போதியையும் கடக்கக்கூடாது. கிட்டங்கியில் ஒவ்வொரு மாரியிலும் தண்ணீர் ஏறுவதை நாம் பார்க்கிறோம். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவரை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றது, பிள்ளைகளின் உயிர் போனது. உழவு இயந்திரமே நிற்காத நீரோட்டத்தில் சைக்கிள் நிற்காது. அன்று பிள்ளை வீட்டில் நிற்பதே சரி.

இந்த மாரிக்கு முன் பெற்றோர் ஒரு முடிவு எடுக்க வேண்டும்: பிள்ளைக்குக் கறுப்புக் கோட்டு வாங்குவதில்லை. வியாபாரிகள் மஞ்சளையும் செம்மஞ்சளையும் முகப்பில் தொங்கவிடட்டும். நம் ஊர்த் தையற்காரர் வாங்கிய கோட்டில் மின்னும் பட்டி தைத்துக் கொடுக்கட்டும். பாடசாலைகளும் மத்ரஸாக்களும் மழை நாளில் பிள்ளைகள் என்ன அணிந்து வருகிறார்கள் என்று வாசலில் பார்க்கட்டும். இவற்றுக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. மழை தொடங்குமுன் செய்துவிடுங்கள்.