அறிவியல் நகருக்குத் தொழில்களும் வரவேண்டும்

அறிவை மூலதனமாகக் கொண்ட தொழில்கள் ஓரிடத்தில் நெருங்கி அமைவதைத் தொழிற் கொத்தணி என்பர். இத்தகைய நெருக்கம் தரும் நன்மைகளைப் பிரித்தானியப் பொருளியலாளர் அல்பிரட் மார்ஷல் 1890ஆம் ஆண்டிலேயே விளக்கினார். தேர்ச்சி பெற்றோர் அங்கு எளிதிற் கிடைப்பர். மூலப்பொருள் வழங்குவோர் அயலிலேயே இருப்பர். ஒருவர் கண்ட நுட்பம் மற்றவருக்கும் விரைவிற் பரவும்.

தொழில்கள் ஒன்றையொன்று சார்ந்து அமைவது வன்னிக்குப் புதியதன்று. ஆனையிறவு உப்பைக் கொண்டே பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை எரிசோடாவையும் குளோரினையும் உற்பத்தி செய்தது. போர் இரண்டையும் முடக்கியது.

இன்று கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் இயங்குகின்றன. 1990இல் தொடங்கப்பெற்று, போரினால் யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்த விவசாய பீடமும் இங்கு திரும்பியுள்ளது. இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இங்குதான் உள்ளது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாயிற்று.

ஆயினும், கல்வி நிறுவனங்கள் கூடியிருப்பது மாத்திரம் கொத்தணி ஆகிவிடாது. பட்டதாரிகளுக்கேற்ற தொழில் அயலில் அரிதாகையால் அவர்கள் கொழும்புக்கும் வெளிநாடுகளுக்கும் செல்கின்றனர். அனுபவமுள்ளோர் இங்கில்லை என்று முதலீட்டாளர் தயங்குகின்றனர். ஒன்றுக்கு மற்றது காரணமாகும் இந்த வட்டத்தை யாராவது ஓரிடத்தில் உடைத்தாக வேண்டும்.

தமிழகத்தில் சோஹோ மென்பொருள் நிறுவனம் அதனைச் செய்தது. 2011இல் தென்காசிக்கு அருகேயுள்ள மத்தளம்பாறைக் கிராமத்தில் அலுவலகம் திறந்து, அயலூர் இளைஞரைத் தானே பயிற்றி வேலைக்கமர்த்தியது. பெருநகரத்திலேயே மென்பொருள் எழுத முடியும் என்ற எண்ணம் அங்கு பொய்த்தது.

வன்னி அதனை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. இரணைமடுவின் நீர் முகாமைத்துவம், நெல்லுக்கும் நிலக்கடலைக்கும் ஏற்ற விதை ஆராய்ச்சி, முல்லைத்தீவுக் கடலுணவின் பதப்படுத்தல் ஆகியவற்றுக்கு வேண்டிய கருவிகளையும் மென்பொருளையும் இங்கேயே உருவாக்கலாம். பீடங்களின் ஆய்வுகூடங்களை விவசாயிகளுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் திறந்துவிடுவதும், அரச திணைக்களங்கள் தமது முதற் கொள்வனவை அந்நிறுவனங்களிடம் செய்வதும் பெருஞ் செலவின்றித் தொடங்கக்கூடியவை.

இவ்வாய்ப்பு, போரில் அனைத்தையும் இழந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும், 1990இல் வெளியேற்றப்பட்டு மீளத் திரும்பிய முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் சமமாகக் கிட்டவேண்டும் என்பதே நமது நிலைப்பாடாகும். பிள்ளைகளைப் படிப்பித்து வழியனுப்பும் மண்ணாகவே வன்னி இருந்துவிடலாகாது.