அயலார் குஞ்சுக்கு ஊட்டும் அலகு

சங்கராபுரத்திலிருந்து மேற்கே, கல்வராயன் மலையைப் பார்த்துப் போகும் சாலையில் விடியற்காலையில் நடந்தால், கரும்புக் கொல்லை ஓரத்துப் புளியமரத்தடியில் தவிட்டுக்குருவிகளைக் காணலாம். மண் நிறம், கரகரத்த குரல். அழகென்று சொல்ல ஒன்றுமில்லாத பறவை. ஏழெட்டாய்ச் சேர்ந்து சருகைக் கிளறி இரை தேடும்போது ஒன்று மட்டும் கிளையில் அமர்ந்து காவல் இருக்கும். வல்லூறு தென்பட்டதும் அது கத்தும். கத்தினால் தான் இருக்கும் இடம் தெரிந்துவிடும், ஆனாலும் கத்தும். கூட்டில் குஞ்சு பொரித்துவிட்டால், பெற்றவை மட்டுமா உழைக்கின்றன? முந்தைய ஈட்டில் பிறந்த அண்ணன்மாரும் அக்காமாரும்கூடப் புழு கொண்டுவந்து ஊட்டுகிறார்கள்.

இந்தக் குருவிக்கு யார் அறம் போதித்தது? எந்த வேதத்தில் இது படித்தது? வியந்து நிற்கையில், நம்மைப் பற்றிய பழைய கேள்வியும் கூடவே எழுகிறது. மனிதனுக்கு அறம் வந்தது சமயத்தாலா, பரிணாமத்தாலா?

சார்லஸ் டார்வின் 1871இல் வெளியிட்ட மனிதத் தோற்றம் பற்றிய நூலில் இதற்கு ஒரு விடை சொன்னார். கூடி வாழும் உயிர்களுக்குப் பரிவு இயல்பிலேயே உண்டு; அறிவும் வளர்ந்தால் அங்கே மனசாட்சி பிறந்தே தீரும் என்றார். உறவுக்காகத் தன்னை வருத்திக்கொள்ளும் குணம் தலைமுறை தலைமுறையாக நிலைப்பது எப்படி என்பதை 1964இல் உயிரியலாளர் ஹாமில்டன் கணக்காகவே எழுதிக் காட்டினார். ஒரே இரத்தம் ஓடும் உடன்பிறப்பு பிழைத்தால், அந்தக் குணமும் அதனோடு பிழைக்கிறது.

2007இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆறு மாத, பத்து மாதக் குழந்தைகளுக்கு ஒரு சிறு பொம்மைக் காட்சி காட்டினார்கள். மேடேற முடியாமல் ஒரு பொம்மை தவிக்கிறது. ஒன்று பின்னாலிருந்து தள்ளி உதவுகிறது. இன்னொன்று கீழே தள்ளிவிடுகிறது. பிறகு இரண்டையும் முன்னால் வைத்தபோது, பெரும்பாலான குழந்தைகளின் கை உதவிய பொம்மையைத்தான் நாடியது. கைகூப்பக் கற்காத வயது, சாமி பெயர் தெரியாத வயது. அதற்குள்ளேயே நல்லதை நாடும் மனம்! படைத்தவன் ஏட்டில் எழுதுவதற்கு முன்பே உயிரில் எழுதிவிட்டான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் கதை இதோடு முடியவில்லை. உறவுமுறையையே பெயராகக் கொண்ட அக்காக்குயில், தன் நீல முட்டையைத் தவிட்டுக்குருவியின் கூட்டில் இட்டுப் போய்விடும். குருவியின் முட்டையும் நீலம். பொரித்து வந்த அந்த அயல் குஞ்சைத் தன் பிள்ளையென்றே நம்பி, அலகு ஓயக் குருவி ஊட்டுகிறது. குருவியின் அன்பு உறவைத் தாண்டுவது ஏமாறும்போதுதான்.

மனிதனோ தெரிந்தே தாண்டுகிறான். படைப்பில் நான் கண்ட பேரதிசயம் இதுதான்.

மூவேந்தர் பகையால் பாரி மாண்டபின், அவன் பெண்மக்களுக்கு வாழ்விடம் தேடி அலைந்தவர் கபிலர். அவருக்கு அவர்கள் நண்பனின் பிள்ளைகள். இரத்த உறவு இல்லை. பாரி மகளை மலையன் என்ற குறுநில மன்னனிடம் ஒப்படைத்துவிட்டு அவர் தீப்புகுந்ததை, முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று பக்கத்துத் திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. கடவுளை மறுத்த பெரியாரோ, கைவிடப்பட்ட குழந்தைகளுக்காகத் திருச்சியில் நாகம்மையார் இல்லம் அமைத்தார். கோயில் கல்லும் சாட்சி, கோயிலை மறுத்தவரின் இல்லமும் சாட்சி.

ஆகவே, அறத்தின் வேர் உயிரின் இயல்பிலேயே இருக்கிறது. சமயம் அந்த வேரை நட்டதில்லை. உறவைச் சுற்றிய வேலியைப் பிடுங்கி, அயலானும் உன்னவனே என்று சொல்ல வந்ததுதான் உண்மைச் சமயம். அதே சமயத்தின் பெயரால் சாதி வேலி கட்டினோமே, அப்போதெல்லாம் தவிட்டுக்குருவிக்கும் கீழே இறங்கினோம்.

வேலி பிடுங்குவது எப்படியென்று காட்டியவர் நம் பக்கத்திலேயே வாழ்ந்தார். சங்கராபுரமும் வடலூரும் 1993 வரை ஒரே தென்னாற்காடு மாவட்டம். அந்த வடலூரில் 1867 மே 23 அன்று வள்ளலார் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. பசித்து வருகிறவர் யாரென்று கேளாமல் அங்கே இன்றும் சோறு போடுகிறார்கள்.